குதிரையா, கடிவாளமா? சின்ன பட்ஜெட்டில் துடிப்பான கார் தேடும் நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கார் விற்பவன் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். இருபது வருஷத்தில் மூன்று சின்ன கார்களை ஓட்டித் தேய்த்திருக்கிறேன், ஒன்றை வயலுக்குள் இறக்கியும் இருக்கிறேன். அந்தத் தகுதியை வைத்து மச்சான், தம்பி, ஆபீஸ் நண்பர் என்று யாராவது வாரம் ஒருமுறை போன் போடுகிறார்கள். எட்டு லட்சத்தில் இருந்து பதினைந்து லட்சத்துக்குள் ‘கொஞ்சம் பறக்கிற மாதிரி’ வண்டி வேண்டுமாம். கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

இந்த விலையில் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று இருக்கிறதா?

கறாராகச் சொன்னால் இல்லை. இரண்டு சீட், தாழ்ந்த உடம்பு, பின்சக்கர இழுவை, நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கும் விலை என்று உலகம் கொண்டாடும் வண்டிகள் 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 2012-ல் வந்த டொயோட்டா 86 போன்றவை. இரண்டுமே நம் நாட்டு ஷோரூமுக்கு வரவில்லை. நமக்குக் கிடைத்தது குடும்ப ஹேட்ச்பேக்கில் (டிக்கி தனியாக நீட்டாமல், பின்கதவு மேலே திறக்கும் சின்ன கார்) கொஞ்சம் காரம் தூவியவை. பழைய ஃபியட் பாலியோ 1.6, 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-ல் வந்த 145 குதிரைத்திறன் புன்டோ அபார்த், 2017-ன் பலேனோ ஆர்எஸ், 2021-ன் ஐ20 என் லைன், 2024-ன் ஆல்ட்ராஸ் ரேசர். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் இப்போது புதுசாகக் கிடைக்காது.

எஞ்சின்கள் ஏன் இத்தனை சின்னதாக இருக்கின்றன என்றால், வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. 2006-ல் இருந்து நடந்து வரும் கதை இது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறிய பிறகும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. சின்னதுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் எஞ்சினைப் பெரிதாக்காமல் சின்ன எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவை மாட்டி விடுகிறார்கள்.

பவரா, ஹேண்ட்லிங்கா? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்?

ஹேண்ட்லிங். யோசிக்கவே வேண்டாம்.

120 குதிரையை அவிழ்த்துவிட நம் பக்கத்தில் இடம் எங்கே இருக்கிறது? வண்ணார்பேட்டையில் இருந்து ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது கியர் விழுந்தாலே பெரிய விஷயம். நால்வழிச் சாலையில் பத்து வினாடி முழுசாக மிதித்தால் அதற்கு மேல் மிதிக்கச் சட்டம் விடாது. ஆனால் ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், டயர் நான்கும் உங்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கிய நிமிஷத்தில் இருந்து சம்பாதித்துக் கொடுக்க ஆரம்பிக்கின்றன. 80 குதிரையை முழுசாகப் பயன்படுத்துகிறவனுக்குக் கிடைக்கும் சந்தோஷம், 150-ல் பாதியைப் பூட்டி வைத்து ஓட்டுகிறவனுக்குக் கிடையாது.

ஒரு கணக்கு பாருங்கள். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு, காய்ந்த ரோடு, நல்ல டயர். டயர் பிடித்து நிற்கும் எல்லை மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். ரோடு நனைந்தால் அது 60 பக்கம் இறங்கிவிடும். (இது எல்லை, ஓட்ட வேண்டிய வேகம் இல்லை.) இந்தக் கணக்கில் வருவது வளைவின் ஆரமும் டயரின் பிடிப்பும்தான். எஞ்சின் எத்தனை குதிரை என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை.

சரி, ஹேண்ட்லிங் என்றால் சரியாக என்ன? ரோட்டில் ஒட்டிக்கொண்டு போவதா?

ஒட்டுவது டயரின் வேலை, அதற்குப் பெயர் பிடிப்பு. வண்டி அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது உங்கள் கைக்கும் இடுப்புக்கும் முன்கூட்டியே தெரிவதுதான் ஹேண்ட்லிங். டொயோட்டா 86-ஐ விற்றபோது அதில் மாட்டிக் கொடுத்தது ப்ரியஸ் ஹைப்ரிட் காருக்கும் போடுகிற அதே ரக டயர். 200 குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் டயரா என்று சிரித்தவர்கள் உண்டு. பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தால் வண்டி நழுவ ஆரம்பிப்பது குறைந்த வேகத்திலேயே, மெதுவாக, சொல்லிக்கொண்டு நடக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

நம் ஊர் மாட்டு வண்டிக்காரரிடம் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்லுவார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். காரிலும் அதே கதைதான். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் ஓடுகிறது, மிதித்தால் பின்னால் போகிறது, திருப்பினால் வெளிப்பக்கம் சாய்கிறது. இந்தப் பாரம் நிதானமாக இடம் மாறினால் நல்ல வண்டி, தொம்மென்று விழுந்தால் கெட்ட வண்டி. நம் பட்ஜெட்டில் கிடைக்கும் ஹேட்ச்பேக் எல்லாமே முன்சக்கர இழுவை. எஞ்சின், கியர்பாக்ஸ், இழுக்கும் வேலை, திருப்பும் வேலை எல்லாம் முன் டயர் தலையில். வளைவுக்குள் வேகமாக நுழைந்து அங்கே போய் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தால், ஸ்டியரிங் ஒரு பக்கம் இருக்க மூக்கு வெளியே ஓடும். காலை மெல்ல எடுத்தால் மூக்கு உள்ளே வரும். பயந்துபோய் இன்னும் ஒரு சுற்று ஸ்டியரிங்கைச் சுற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

இருவழி ரோட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் பவர் இல்லாமல் என்ன செய்ய?

இது நியாயமான கேள்வி. இங்கேதான் நானும் கொஞ்சம் இறங்கி வருவேன். எதிரே வரும் பஸ் 80, நீங்கள் 80 என்றால் இடையில் உள்ள தூரம் ஒவ்வொரு வினாடியும் 44 மீட்டர் கரைகிறது. லாரியைத் தாண்ட இரண்டு வினாடி குறைவாக எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 90 மீட்டர் உங்கள் பையில். அது உயிர் சமாச்சாரம்.

ஆனால் அந்த இரண்டு வினாடியைக் கொடுப்பது பிரோஷரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உச்ச பவர் இல்லை. அது 5500, 6000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) வருவது. நீங்கள் மூன்றாவது கியரில் 2000-க்கு மேல் மிதிக்கும்போது கிடைக்கும் இழுவைதான் காரியம். அதைத்தான் டார்க் என்கிறோம், நம் மெக்கானிக்குகள் ‘பிக்கப்’ என்பார்கள். பழைய ஸ்விஃப்ட் டீசலை நினைத்துப் பாருங்கள். 75 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 190 நியூட்டன் மீட்டர். டர்போ விழித்தபின் அது பாய்ந்த பாய்ச்சலில் நிறைய பெட்ரோல் கார்கள் பின்னால் நின்றன. சிக்கல் ‘விழித்தபின்’ என்பதில்தான். முன்பு ஒருமுறை ஆலங்குளம் தாண்டி ஒரு செங்கல் லாரிக்குப் பின்னால் நான்காவது கியரில் 1500-ல் உருட்டிக்கொண்டிருந்து, இடைவெளி கிடைத்ததும் மிதித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மொத்தமும் ஒரே அடியாக வந்தது. அதற்குள் எதிரே பஸ்ஸின் முகப்பில் ஊர்ப்பெயர் படிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. பிரேக் பிடித்து மறுபடி லாரிக்குப் பின்னாலேயே ஒளிந்தேன். டர்போ வண்டி வாங்கினால் முதலில் கியரைக் குறைக்கப் பழகுங்கள், பிறகு வெளியே எட்டிப் பாருங்கள்.

நால்வழிச் சாலைக்கு மட்டுமாவது பவர் வண்டி வேண்டாமா?

நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரி, இந்தப் பக்கம் கயத்தாறு வழியாக மதுரை. ரோடு அருமைதான். ஆனால் எதிர்த்திசையில் பைக் வரும், நடுத்திட்டின் இடைவெளியில் ஆடு கடக்கும், விடியற்காலையில் மயில் தாழப் பறந்து குறுக்கே வரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி யோசித்தாலே 28 மீட்டர் போய்விட்டது. அதன்பிறகு நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 50 மீட்டர். மழையில் 80 மீட்டர் கூட ஆகலாம். பவர் பிரச்சினையைத் தீர்த்து வைத்த இடத்தை இதுவரை நான் அந்த ரோட்டில் பார்க்கவில்லை. பிரேக் தீர்த்து வைத்த இடங்களை விரல்விட்டுக் காட்டுவேன்.

ஆடிக்காற்றில் காவல்கிணறு பக்கம் கார் இழுத்துக்கொண்டு போகிறதே, அது ஹேண்ட்லிங் கோளாறா?

கோளாறு இல்லை, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பீறிட்டு வரும் காற்றுக்காகத்தானே முப்பந்தலில் இருந்து பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். லாரி மறைப்பில் இருந்து வெளியே வரும் கணத்தில் பக்கவாட்டில் ஒரு அறை விழும். உயரமான எஸ்யூவிக்கு அறை பெரியது, தாழ்ந்த ஹேட்ச்பேக்குக்குச் சின்னது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு கையாலும் உறுதியாக, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். காற்றே இல்லாத நாளிலும் ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

புளியரை மலை ரோடு, மாஞ்சோலை, இங்கெல்லாம் எது உதவும்?

இரண்டும் ஒரே பேச்சில் வராது. மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு, குறுகிய மோசமான ரோட்டில், தரை இடைவெளியை வேண்டிக்கொண்டு ஊர்ந்து போக வேண்டிய இடம். ஸ்போர்ட்ஸ் என்ற வார்த்தையையே மணிமுத்தாறில் இறக்கி வைத்துவிட்டு ஏறுங்கள்.

செங்கோட்டை தாண்டி புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு ஏற்றம்தான் சரியான பரீட்சை. ஏறும்போது பவர் உதவும், மறுக்கவில்லை. நாலு பேரும் சாமானும் ஏறினால் 1.2 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமல் மூச்சு வாங்கத்தான் செய்யும். இறங்கும்போது பவருக்கு ஒரு மதிப்பும் இல்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதியில் கருகிய வாசனை வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இன்னொன்று, குற்றால சீசனில் விழும் சாரல். கொட்டும் மழை ரோட்டைக் கழுவிவிடும். சாரல் கழுவாது, ரோட்டில் உள்ள எண்ணெயையும் தூசியையும் குழப்பிக் குழைத்துப் பூசிவிட்டுப் போகும். முதல் பத்து நிமிஷச் சாரலைப் போல வழுக்குவது வேறு எதுவும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. மானூர், தேவர்குளம் பக்கம் அறுப்புச் சமயத்தில் ரோட்டையே களமாக்கி உளுந்தும் காணமும் (கொள்ளு) காயப் போடுவார்கள். காய்ந்த செடிமேல் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான், அதுவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உள்ளங்கை அகலம்.

வயல் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஐப்பசி. பழைய 1.3 பெட்ரோல் ஹேட்ச்பேக், 87 குதிரைத்திறன், அந்தக் காலத்தில் அது பெரிய பவர். டயர் நான்கும் புதுசு. ஒரு கடையில் நல்ல தள்ளுபடி என்று மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சேரன்மகாதேவி போகும் வழியில் கால்வாய்க்கரை ஓரம் ஒரு இடது வளைவு, லேசான தூறல், வேகம் 60-க்குள்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது லேசாகிப் போனது. கையில் பாரமே இல்லை, காற்றில் திருப்புகிற மாதிரி. கார் நேராக இறங்கி வரப்பில் மூக்கை வைத்து நின்றது. பிசானப் பருவ நெல் நடவு முடிந்து நாலு நாள் ஆன வயல். வயல்காரர் ஓடிவந்து முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் நாற்றைப் பார்த்தார். “அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலல்லா? சரி, அப்ப நடவு கூலியப் பேசுவோம்” என்றார். பேசினோம், கொடுத்தேன்.

டிராக்டர் வைத்து இழுத்து வண்ணார்பேட்டைக்குக் கொண்டுபோனபோது மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்து நான்கு இலக்கத்தைக் காட்டினார். 3809. அதாவது 2009-ம் வருஷத்தின் 38-வது வாரம் செய்தது. ஐந்து வருஷம் கடையில் காய்ந்த சரக்கு. “தம்பி, இது ரப்பர் இல்ல, பலகை” என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை.

அன்றிலிருந்து டயர் கடையில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, அந்த நாலு இலக்கத்தை. காற்றையும் கவனியுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ ஏறும். நம் ஊர் சித்திரை வெயிலில் மதுரையில் இருந்து ஓட்டிவந்து சூட்டோடு காற்றுப் பார்த்துக் குறைத்தால் மறுநாள் காலையில் குறைவாகத்தான் இருக்கும். காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.

பெரிய அலாய் வீல், தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் ஹேண்ட்லிங் கூடுமா?

ஒரு இன்ச் வரை சரி. 185/65 ஆர்15-க்குப் (டயரின் அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை இன்ச்) பதிலாக 195/55 ஆர்16 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட மாறாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் மட்டும் 120 மில்லிமீட்டரில் இருந்து 107 ஆகும். ஸ்டியரிங் கூர்மையாகும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும் வாய்ப்பும் கூடும். அதற்கு மேல் போவது கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு.

தாழ்த்துவதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஊருக்குள் நுழையும் வேகத்தடையை யார் போட்டது? ஊர்க்காரர்கள் என்றால் வேண்டாம்.

எஞ்சினை ரீமேப் செய்தால்?

டர்போ எஞ்சினில் லேப்டாப்பை மாட்டி, அதை இயக்கும் கணினியின் கணக்கை மாற்றி 20 குதிரை கூட்டலாம், உண்மைதான். அதை நிறுத்துவது பழைய பிரேக், திருப்புவது பழைய டயர், தாங்குவது பழைய கிளட்ச். வாரன்ட்டியும் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் தோண்டுவார். அந்தப் பணத்தில் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் வந்துவிடும்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க?

சேல்ஸ்மேன் உங்களை நேர் ரோட்டுக்குத்தான் கூட்டிப்போவார், ஏசியையும் பாட்டையும் காட்டுவார். பாட்டை அணைக்கச் சொல்லுங்கள். கேடிசி நகர் பக்கம் பைபாஸ் ஏறி ரெட்டியார்பட்டி மலை வரை கேளுங்கள். மலையை வெட்டிப்போட்ட ரோடு, ஏற்றமும் உண்டு, காற்றும் உண்டு. வேகத்தடையில் 25-ல் ஏறி இறங்குங்கள். பின்பக்கம் ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டும், இரண்டாவது முறை குதித்தால் கழித்துவிடுங்கள். பின்னால் யாரும் வராதபோது 60-ல் இருந்து அழுத்திப் பிரேக் பிடியுங்கள். வண்டி நேராக நிற்கிறதா, பெடலில் நடுவில் வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது ரவுண்டானாவில் ஒரே வேகத்தில் முழுசாக ஒரு சுற்று. ஸ்டியரிங்கில் பாரம் ஒரே சீராக இருந்தால் நல்லது. பாரமே தெரியாவிட்டால் என் வயல் கதை ஞாபகம் வரட்டும்.

உண்மையாகவே வேகமாக ஓட்ட ஆசை. எங்கே போவது?

பந்தயம் வைத்துப் பொது ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, ஜெயில் வரை போகும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் சுற்று. இருங்காட்டுக்கோட்டையில் சென்னை ரேஸ் டிராக், சுமார் 3.7 கிலோமீட்டர். நம் ஊரில் இருந்து இரண்டுமே தூரம்தான், ஆனால் ஒரு நாள் அங்கே கற்பது பத்து வருஷம் இங்கே கற்காதது.

கோவை டிராக் யார் பெயரில் இருக்கிறதோ அந்த கரிவர்தன்தான் ஃபார்முலா மாருதி ரேஸ் காரை வடிவமைத்தவர். அதில் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். நாம் ஓட்டிய பெரும்பாலான 800-களில் அது 40 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்தச் சின்ன வண்டியில்தான். பவர் குறைவான காரில் ஒரு வளைவில் தப்பாகப் பிரேக் பிடித்தால் அடுத்த நேர்கோட்டில் எஞ்சின் வந்து காப்பாற்றாது. தப்பு அப்படியே நேரக்கணக்கில் தெரிந்துவிடும்.

பழைய போலோ ஜிடி, அபார்த் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதை இரண்டாவது காராக வைத்துக்கொள்ள வசதி இருந்தால். போலோ 2022-ல் இங்கே நின்றுவிட்டது, ஃபியட் அதற்கும் முன்பே கடையைக் கட்டியது. உதிரி பாகத்துக்கு மதுரைக்கோ கோவைக்கோ ஆள் விட வேண்டிவரும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள வண்டி என்றால் கியர்பாக்ஸைத் தெரிந்தவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அபார்த்தின் பவருக்காக அலைகிறவர்களிடம் நான் சொல்வது: அதன் ஸ்டியரிங்குக்காக அலையுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக், கனமானது, ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூடக் கைக்குச் சொல்லும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

தினமும் ஜங்ஷன் வழியாகப் போகிறவர் என்றால் ஆட்டோமேட்டிக். ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை போகிறவர் என்றால் மேனுவல்.

வீட்டில் ‘குடும்பத்தோடு போக இந்த ஸ்போர்ட்ஸ் எல்லாம் எதற்கு’ என்கிறார்களே?

என் வீட்டிலும் கேட்டார்கள். முன்பு இருந்த வண்டியின் சஸ்பென்ஷன் பஞ்சுமெத்தை. ஆரியங்காவு ஏறும்போதெல்லாம் சின்னவள் மூன்றாவது வளைவில் வாந்தி எடுப்பாள். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் டேஷ்போர்டில் நிரந்தரம். இப்போதைய வண்டி சற்று இறுக்கம், வளைவில் சாய்வதில்லை, ஆடினாலும் உடனே அடங்குகிறது. போன சீசனில் அதே ரோட்டில் போய்வந்தோம். பையைப் பிரிக்கவே இல்லை, எலுமிச்சம்பழத்தை வீட்டுக்கு வந்து ஜூஸ் போட்டார்கள்.